ஈட்டி ஆற்றைக் கடக்கும் முன்

லிகாயன்
1989 பிப்ரவரி 6

சூயாமுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. என் மகன் கலும்னாக்கை நேற்று புதைத்தோம். பிணத்தை நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை, தலை நிற்கவில்லை. உன் அண்ணி நெய்து வைத்திருந்த சிவப்புப் போர்வையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பின்னால் மூங்கில் கொடுத்து நிறுத்தினோம். வந்தவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உன் அண்ணி மட்டும் போர்வையை இறக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் வழிப்போக்கனாக உங்கள் ஊருக்கு வரவில்லை. அத்தை வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சேகண்டி அடிக்க நல்ல கை வேண்டும் என்று நீதான் சொல்லி அனுப்பினாய். உன் வீட்டில் சாப்பிட்டான், உன் பாயில் படுத்தான். யார் வெட்டியது என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். நீ சொல். நீ சொன்னால் நம்புகிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேள். லிகாயனுக்கும் பனுவாங்குக்கும் போடோங் என்ற சமாதான உடன்படிக்கை கட்டிய அன்று அந்தப் பக்கத்து ஈட்டியை வாங்கியது அவர், இந்தப் பக்கத்து ஈட்டியை வாங்கியது நான். எங்கள் ஆள் உங்கள் மண்ணில் விழுந்தால் வெட்டியவனை வெட்டுவது அவர் வேலை, உங்கள் ஆள் எங்கள் மண்ணிலோ எங்கள் ஆள் கையாலோ விழுந்தால் அது என் வேலை. அண்ணன் தம்பி என்று பார்க்கக் கூடாது. இதைப் பன்றி ரத்தத்தைத் தொட்டு நம் அப்பா முன்னால் சொன்னார். அவர் மறந்திருந்தால் நீ ஞாபகப்படுத்து.

நான் நேரில் வர முடியாது. வந்தால் வெறும் கையோடு வர முடியாது. தூபோ ஊர்க் கருவாட்டுக்காரி பித்தாயிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். தூபோக்காரர்களை இரண்டு ஊரிலும் யாரும் தொட மாட்டார்கள்.

துமாயோ


பனுவாங்
பிப்ரவரி 11

அண்ணா,

காசிங்தான். என் கொழுந்தன். மறைக்க எனக்கு மனசு இல்லை, மறைத்தாலும் நிற்காது.

எல்லாரும் கரும்புச் சாராயம் குடித்திருந்தார்கள். கலும் அடித்த அடியில் கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். காசிங்குக்கு அது பொறுக்கவில்லை. வெளியூர்ப் பையன் நம் கல்யாணத்தில் பேர் வாங்கிக்கொண்டு போவதா என்று. அடிப்பதில் குறை சொல்ல முடியவில்லை, அதனால் பேச்சைப் பிடித்துக்கொண்டான். உனக்குத்தான் தெரியுமே. ஒரே பாஷைதான், ஆனால் நாம் வார்த்தையை வெடுக்கென்று வெட்டிப் பேசுவோம், இவர்கள் பாட்டு மாதிரி இழுப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வாங்காத கேலி இல்லை.

"என்னடா இது, பேசுறியா, கோழி கொத்துற மாதிரி கொத்துறியா? லிகாயன்ல எல்லாரும் வாயில கல்லை வச்சுக்கிட்டுத்தான் பேசுவீங்களோ?"

கலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "நாங்க கொத்துறது இருக்கட்டும் மாமா. நீங்க 'தீ'ன்னு இழுத்து முடிக்கிறதுக்குள்ள வீடே எரிஞ்சு போயிரும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காசிங்கின் பெண்டாட்டியும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் என் மருமகன் உயிரோடு இருந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன். காசிங் எழுந்து போனான். மூத்திரம் பெய்யப் போகிறான் என்று நினைத்தோம். கோடாலியோடு வந்தான். கலும் சேகண்டியைத் தூக்கித் தடுத்தான். முதல் வெட்டு சேகண்டியில் விழுந்த சத்தத்துக்குத்தான் நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். இரண்டாவது விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தை என்று கூப்பிட வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என் பாவாடை நெய்த நூலெல்லாம் விறைத்துப்போய் இன்னும் அப்படியே கிடக்கிறது. துவைக்க மாட்டேன்.

இவர் வாசல் ஏணியிலேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்டேன். "அம்மா செத்ததிலேர்ந்து அவனை என் முதுகுல தூக்கி வளர்த்தேன் சூயாம்," என்கிறார். "அப்ப என் அண்ணன் மகனை யார் வளர்த்தது, ஊரா?" என்று கேட்டேன். காசிங் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். போதை தெளிந்ததிலிருந்து வெளியே வரவில்லை.

அவகாசம் கொடு அண்ணா. ஈட்டியைத் திருப்பி அனுப்பிவிடாதே. அனுப்பினால் இரண்டு ஊரும் வேட்டைக்கு இறங்கும். என் லின்னாவா தபுக்கில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். பஸ்ஸிலும் ஜீப்னியிலும் தனியாகப் போய் வருகிற பெண். எனக்கு வேறு பயம் எதுவும் இல்லை, அவள் ஒருத்திதான்.

சூயாம்


லிகாயன்
பிப்ரவரி 25

சூயாம்,

மாப்பிள்ளைக்கு முதுகில் தம்பி கனக்கிறான். எனக்கு மகன் கனக்க மாட்டானா?

என் வீட்டு நிலைமையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அண்ணி என்னிடம் பேசுவதில்லை. தன் தம்பி தொங்காயிடம் பேசுகிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி. "ஈட்டி வாங்குன ஆம்பளைன்னு பேரு. அந்த ஈட்டியில கோழி கட்டி வைக்கலாம்." தொங்காயிடம் துப்பாக்கி இருக்கிறது. தினமும் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் துடைக்கிறான். துடைக்க என்ன இருக்கிறது அதில், சுட்டால்தானே அழுக்காகும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்று நடவு முடியட்டும். அதுவரை ஈட்டி என் வீட்டு உத்தரத்தில் இருக்கும். அதற்குள் காசிங் சாக வேண்டும். இதில் நான் இறங்கி வர முடியாது.

லின்னாவாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் எனக்கும் ரத்தம்தான். மாப்பிள்ளை மகள் என்று நான் நினைத்தது கிடையாது. அவளுக்குப் பேச்சு உன்னிடமிருந்து வந்தது, கண்ணை மூடிக் கேட்டால் நம் அம்மா பேசுகிற மாதிரி இருக்கும். அதுவே அவளுக்குக் காவல். எங்கள் பையன்கள் வண்டியை மறித்தால் ஊர்ப் பெயரைக் கேட்டு நம்ப மாட்டார்கள், ஊர்ப் பெயரை யாரும் பொய் சொல்லலாம். பேசச் சொல்லித்தான் கேட்பார்கள். எவன் வழியில் நிறுத்தினாலும் நம் பேச்சில் பேசச் சொல். லிகாயன் என்று சொல்லச் சொல். துமாயோ எனக்கு மாமா என்று என் பெயரைச் சொல்லட்டும். அப்படிப் பேசுகிற பெண்ணின் மேல் எவனும் கை வைக்க மாட்டான். இதை இன்றைக்கே அவளுக்குச் சொல்லி அனுப்பு.

துமாயோ


பனுவாங்
மார்ச் 16

அண்ணா,

இவர் போனார். நான்தான் அனுப்பினேன். சோற்றை முன்னால் வைத்து, "இதைச் சாப்பிட்டுட்டுப் போங்க, இல்லன்னா இனிமே என் கையால சோறு கிடையாது"ன்னு சொன்னேன். சாப்பிடாமல் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்.

காசிங் வயல் குடிசையில் இருந்தான். நானும் பின்னாலேயே போய் வரப்பில் நின்றேன். இவர் ஓங்கியதைப் பார்த்தேன். கழுத்துக்குத்தான் ஓங்கினார். இறங்கியது வலது கையில். கோடாலி வழுக்கியதா, இவர் வழுக்க விட்டாரா, எனக்குத் தெரியாது, அவருக்குமே தெரியுமோ என்னவோ. நாலு விரல் வரப்பில் விழுந்தது. காசிங் கையை வயிற்றில் அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து மேட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டான். இவர் துரத்தவில்லை. அந்த விரல்களை வாழை இலையில் சுற்றிக் குடிசைக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தார்.

ரத்தம் சிந்திவிட்டது. தன் தம்பி ரத்தம், தன் கையால். இது போதும் என்று உங்கள் பெரியவர்களிடம் சொல்லக் கூடாதா? நீ சொன்னால் எடுபடும். கலுமுக்கு இது ஈடு என்று நான் சொல்லவில்லை, எனக்கு வெட்கமில்லையா அப்படிச் சொல்ல. என் பெண் வீடு வந்து சேர வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

நீ சொன்னதை லின்னாவாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சிரித்தாளாம். "டவுன்ல பொண்ணுங்க நம்ம பேச்சைக் கேட்டா மலைக்காரின்னு ஒதுங்கிப் போறாங்க. உசுரைக் காப்பாத்த அதுதான் உதவுதா, நல்ல வேடிக்கை"ன்னு சொன்னாளாம். பரீட்சை முடிந்ததும் வருகிறாள்.

சூயாம்


லிகாயன்
ஏப்ரல் 9

சூயாம்,

விரல் போதாது என்றார்கள். நான் பேசிப் பார்த்தேன். அதிகம் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலையில் ஈட்டியைப் பித்தாயிடம் கொடுத்து அனுப்பினேன். இந்நேரம் உங்கள் வாசலில் இருக்கும். இனி இரண்டு ஊருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். நீ கேள்விப்பட்டிருப்பாய். உங்கள் ஊர் வாத்தியார் பலோஸைத் தபுக் பஸ் நிலையத்தில் சுட்டுவிட்டார்கள். சுட்டது தொங்காய். நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதனைப் பின்னாலிருந்து சுட்டிருக்கிறான். நான் அனுப்பவில்லை. கிளம்பிப் போனதைப் பார்த்தேன், எங்கே என்று கேட்கவில்லை. அதுவும் திங்கட்கிழமை காலைதான்.

பித்தாய் அப்போது ஆற்றைக் கடந்திருந்தாளா இல்லையா என்பதுதான் பேச்சு. கடந்து உங்கள் கையில் ஈட்டி சேர்ந்த பிறகு என்றால் அது போர், யாரும் யாரையும் கேட்க முடியாது. சேரவில்லை என்றால் உடன்படிக்கை உயிரோடு இருக்கும்போது செய்த கொலை. அப்போது தொங்காயை நான்தான் பார்க்க வேண்டும். உன் அண்ணிக்கு ஒரே தம்பி. மகனையும் கொடுத்துத் தம்பியையும் கொடுப்பாளா அவள்?

அதனால் கேட்கிறேன். ஈட்டி ஞாயிற்றுக்கிழமையே வந்து சேர்ந்தது என்று மாப்பிள்ளை சொன்னால் போதும். அவருக்கு இதில் நட்டமில்லை. யோசித்துப் பார்.

லின்னாவாவை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்.

துமாயோ


பனுவாங்
ஏப்ரல் 28

அண்ணா,

உன் கடிதம் வந்தபோது லின்னாவா கிளம்பிவிட்டாள்.

ஜீப்னியில் பித்தாயும் இருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மண் சரிந்த வளைவில் வண்டி மெதுவாகப் போகும், உனக்குத் தெரியும். அங்கே பாறைக்குப் பின்னாலிருந்து ஆட்கள் வந்தார்கள். முகத்தில் துணி. எங்கள் ஊர்ப் பையன்கள், வாத்தியாருக்காக வந்தவர்கள். காட்டிலிருந்து காசிங்கும் அவர்களோடு சேர்ந்திருக்கிறான், ஒரு லிகாயன் தலையாவது எடுத்தால் ஊர் தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ளும் என்று. ஒவ்வொருத்தரையும் "பேசு, பேசு" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் பெண் புழுதிக்குத் துண்டை மூக்குவரை சுற்றியிருந்தாள். மூன்று வருஷம் டவுனில் இருந்தவள், உயரமும் கூடிவிட்டது. அவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. அவளுக்கு அவர்களைத் தெரியவில்லை. உங்கள் ஆட்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள். கேட்டது ஒரே ஒரு வார்த்தை, அதில் இழுவை எங்கே தெரியப் போகிறது.

"நான் லிகாயன். துமாயோ எனக்கு மாமா."

நீ சொல்லிக் கொடுத்தபடியே, நான் சொல்லிக் கொடுத்த பேச்சில், கொஞ்சம்கூடப் பிசகாமல் சொல்லியிருக்கிறாள்.

காசிங் இடது கையால் சுட்டான். பழக்கமில்லாத கை. முதல் குண்டு தோளில் பட்டது. அந்த அதிர்ச்சியில் துண்டு விழுந்தது, அவன் முகத் துணியும் நழுவியது. "சித்தப்பா" என்றாளாம். இவர்கள் பேச்சில், இழுத்து. அதற்குள் அவன் விரல் மறுபடி அழுத்திவிட்டது. வாய்க்குள்ளேயே பாய்ந்தது அந்தக் குண்டு. பித்தாயின் கருவாட்டுக் கூடையெல்லாம் என் பெண்ணின் பல். பித்தாய் அதையெல்லாம் பொறுக்கிக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள்.

காசிங்தான் தூக்கி வந்தான். இடையில் யாரையும் தொட விடவில்லையாம். அவள் நடக்கப் பழகியபோது எங்கே போனாலும் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவன் அவன். பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்க்க, ஏணிக்கடியில் அவளைக் கிடத்திவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தான். இவர் வயலிலிருந்து வந்தார். ஒரு தடவை பெண்ணைப் பார்த்தார். காசிங் தலையைக் குனிந்து முடியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினான். "அண்ணா, இந்தத் தடவை சரியா வெட்டு," என்றான். இந்தத் தடவை கோடாலி வழுக்கவில்லை. ஒரே வெட்டு. தலை உருண்டு பன்றிக் கொட்டில் வேலியில் போய் இடித்து நின்றது. காசிங்கின் பெண்டாட்டி அதை ஓடிப்போய் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், நான் கலுமை வைத்துக்கொண்ட மாதிரியே. எனக்கு அவளைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றலாம்.

"இது கலுமுக்கா, நம்ம பொண்ணுக்கா?" என்று இவரைக் கேட்டேன். நீ வேண்டுமானால் கலுமுக்கு என்று வைத்துக்கொள். நீ கேட்டது வந்துவிட்டது. நடவுக்கு முன்னால் வந்திருந்தால் என் பெண் வீட்டில் இருந்திருப்பாள். அந்தப் பாவம் இவருடையது, நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

லின்னாவாவுக்கு யார் பழி வாங்குவது? அவளைக் கொன்றது சொந்த ஊர், சொந்தச் சித்தப்பா. எந்த உடன்படிக்கையிலும் அவளுக்கு இடம் இல்லை.

சூயாம்


லிகாயன்
மே 14

என் சூயாம்,

உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுகிறாள். அழுகிறோம், வேறென்ன.

என் பெயரைச் சொல்லி அந்தப் பெண் செத்தாள். நான்தான் கொன்றேன். காவல் என்று நினைத்து அவள் வாயில் நானே சாவை வைத்தேன். எங்கள் பையன்கள் மட்டும்தான் வண்டியை மறிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன், உங்கள் பையன்களும் மறிப்பார்கள் என்று ஒரு கிழட்டு மடையனுக்குத் தோன்றவில்லை.

நான் வருகிறேன். ஈட்டி இல்லாமல், துணை இல்லாமல், அந்த வளைவு வழியாக நடந்தே வருகிறேன். நம் பேச்சைச் சத்தமாகப் பேசிக்கொண்டே வருவேன். யாருக்கு என்ன வேண்டுமோ செய்யட்டும். உன் ஏணிவரை வந்து சேர்ந்தால் மாப்பிள்ளையிடம் என் கழுத்தைக் கொடுக்கிறேன்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் போடோங்கை மறுபடி கட்ட வேண்டும் என்று பேசுவதாகக் கேள்வி. கட்டட்டும். எனக்கு அதில் இனி என்ன இருக்கிறது.

உன் அண்ணன்
துமாயோ


பனுவாங்
மே 22

அண்ணா,

வராதே.

நீ வழியில் செத்தால் தொங்காய் இங்கே வருவான், என் சின்னவன் ஓபினைத் தேடி. அவன் செத்தால் இன்னொருவன் உங்கள் வீட்டுக்கு வருவான். நீ அழுதுகொண்டே நடந்து வந்து சாவது உனக்குச் சுலபம். உன் கழுத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுக்க வருகிறாய், கொடுக்க வேண்டியதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு தடவை படித்தேன், தொங்காய் என்ற பெயரே இல்லை.

பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவரையே மறுபடி ஈட்டி வாங்கச் சொன்னார்கள். "இந்தக் கையில இனி சோத்தைத் தவிர எதையும் எடுக்க மாட்டேன்"னு சொல்லிவிட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் வாங்குகிறேன் என்றேன். ஒருவர் இருமினார். இன்னொருவர், "ஏன், எங்க அம்மா வாங்கினவதானே, அவ காலத்துல ஒருத்தன் வாலாட்டினானா?" என்றார். அதோடு முடிந்தது. பனுவாங் பக்கத்து ஈட்டி இனி என்னுடையது. உன்னோடு பேச வேண்டியது இனி நான். தங்கச்சி என்று நினைத்துப் படிக்காதே.

நீ கேட்ட பொய்யை இவர் சொல்லவில்லை, நான் சொல்ல விடவில்லை. பித்தாயைப் பெரியவர்கள் முன்னால் நிற்க வைத்துக் கேட்டேன். "ஆத்துல தண்ணி பெருகியிருந்துச்சு. திங்கட்கிழமை பூரா லிகாயன் கரையிலதான் உக்காந்திருந்தேன், ஈட்டி என் கூடையிலதான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டாள். அப்படியென்றால் வாத்தியார் செத்தபோது உடன்படிக்கை உயிரோடு இருந்தது.

என் வீட்டுக்காரர் தன் தம்பியைக் கொடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அதற்கு என் பெண்ணைக் கொடுத்தோம். நீ எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு நாளுக்கும் யாருடைய பிள்ளையோ வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பையன்கள் வளைவை விட்டு இன்னும் இறங்கவில்லை. நான் சொன்னால்தான் இறங்குவார்கள், நீ செய்தால்தான் நான் சொல்வேன்.

அண்ணியிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. உன் மகனுக்காக என்னிடம் எப்படிக் கேட்டாயோ அப்படிச் சொல். அவளுக்கு ஒரே தம்பி, தெரியும். எனக்கும் ஒரே பெண்தான்.

முடித்துவிட்டுப் பித்தாயிடம் சொல்லி அனுப்பு. அப்புறம் பன்றியோடு வா, ஊரோடு வா. சோறு நான் வடிக்கிறேன்.

சூயாம்